ஒழுகிய தையல்

மகனுக்கு, வீட்டில் எல்லாரும் சுகம் என்று வழக்கமாக எழுதுவோமே, இந்த முறை அதில் அம்மாவின் வலது கையையும் தனியாகச் சேர்த்து எழுதச் சொல்கிறேன். அதுவும் சுகம். கொழும்பிலிருந்து நீ போட்ட கடிதம் கிடைத்தது. சீமைக்குப் போகும் கப்பலில் உனக்கு இடம் கிடைத்துவிட்டது என்று முதல் பக்கத்தில் இருந்தது. அதைக் கேட்டு நான் கதிரையை விட்டு எழுந்தே விட்டேன். அம்மாவின் கையை இந்த நிலையில் விட்டுவிட்டுப் போக மனம் வரவில்லை, இடத்தை வேண்டாம் என்று சொல்லப் போகிறேன் என்று அடுத்த பக்கத்தில் இருந்தது. மறுபடி உட்கார வேண்டியதாயிற்று. என் கண்ணில் பூ விழுந்த பிறகு கடிதங்களை எனக்கு யாராவது வாசித்துக் காட்டுகிறார்கள், பதிலையும் நான் சொல்லச் சொல்ல எழுதுகிறார்கள் என்பது உனக்குத் தெரியும். ஆகவே இது நீளும். வாயால் சொல்கிறவனுக்குக் கை வலிக்காது.

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். எங்களை விட்டுப் போவதைப் பெரிய பாவம் மாதிரி எழுதியிருக்கிறாய். நம் பக்கத்தில் ஆண்பிள்ளையைப் பெற்றவர்கள், இவன் ஒருநாள் பெண் வீட்டுக்குப் போகிறவன் என்று தெரிந்துகொண்டேதான் வளர்க்கிறார்கள். இங்கே வீடும் வளவும் பெண்பிள்ளைக்கு. நானும் ஒரு தகரப் பெட்டியோடு கல்லடிக்கு உன் அம்மாவின் வீட்டுக்கு வந்து சேர்ந்தவன்தான். பின்வளவில் கொட்டில் போட்டு ஒரு சோடா மெசின் வைக்கட்டுமா என்று அவளிடம் கேட்டபோது, கிணற்றடி நாறாமல் இருந்தால் வைத்துக்கொள்ளுங்கள் என்றாள். அந்த வார்த்தையின் மேல்தான் இன்றுவரை தொழில் செய்கிறேன். உன்னை அனுப்பி வைக்க நீ பிறந்த நாளிலிருந்தே தயாராக இருந்தோம். அனுப்புகிற இடம்தான் கொஞ்சம் தூரமாகிவிட்டது.

இனி அந்தக் கையைப் பற்றிப் பேசுவோம். நீ பயப்படுகிறாய். நான் பயப்படவில்லை. ஏன் பயப்படவில்லை என்று உனக்கு விளங்கவேண்டுமானால், நீ டொக்டராகி முதல் லீவில் வந்த நாட்களிலிருந்து நான் தொடங்க வேண்டும். உலக யுத்தம் முடிந்து, விமானத் தளத்துச் சிப்பாய்கள் ஊருக்குத் திரும்பி, என் சோடாவை வாங்க ஆள் குறைந்திருந்த காலம். பெரிய இரத்தக்குழாய் அறுந்தால் எல்லா இடத்திலும் அதைக் கட்டித்தான் விடுகிறார்கள், கட்டினால் ஆள் பிழைப்பான், கையோ காலோ பிழைப்பது அவனவன் அதிர்ஷ்டம் என்று நீ சாப்பிடும்போது சொன்னாய். அறுந்த குழாயைத் திரும்பப் பொருத்தலாம், அதற்குப் பல முறைகள் உண்டு, ஆனால் எந்தப் பொருத்து பலமானது என்று ஒவ்வொரு புத்தகமும் ஒவ்வொன்றைச் சொல்கிறது, நான் என் கண்ணால் பார்க்க வேண்டும் என்றாய். சோற்றில் கை வைத்தபடி நான் உன்னையே பார்த்துக்கொண்டிருந்தேன். உயிருள்ள மனிதனின் குழாயைத் தைப்பது என்று ஒன்று இருப்பதே எனக்கு அன்றுதான் தெரியும்.

அடுத்த நாள் காத்தான்குடி இறைச்சிக்கடைக்காரக் காக்காவிடம் இரண்டு பேரும் போனோம். நீ கேட்டதைக் கேட்டு அவர் கத்தியை வைத்துவிட்டார். "தம்பி, இறைச்சிய விட்டுப்போட்டுக் குழாய வாங்குற ஆள இப்பதான் காணுறன். இதுல என்ன கறி வைக்கப்போறீங்க?" என்றார். ஆனாலும் மாட்டின் குழாய்களை அழகாக அறுத்து, வாழையிலையில் சுற்றித் தந்தார். வீட்டில் அம்மா வாசலிலேயே நின்றாள். "மாட்டுச் சாமான் ஒண்டும் என்ட குசினிப் பக்கம் வரக்கூடா. கிணத்து வாளியும் தரமாட்டன்" என்றாள். ஆகவே சோடாக் கொட்டில் உனக்கு ஆஸ்பத்திரியாயிற்று.

நீ தைப்பதை நான் அன்றுதான் பார்த்தேன். வஸ்லீன் தடவிய பட்டு நூல், கண்ணுக்குத் தெரியாத ஊசி. அறுந்த குழாயின் வாய் தொய்ந்துபோய் ஒட்டிக்கொண்டு கிடந்தது. இதில் ஊசியை விட்டால் எதிர்ச்சுவரையும் சேர்த்தல்லவா குத்தும் என்று நான் நினைக்கும்போதே, இரண்டு வாய்களையும் சேர்த்து மூன்று இடத்தில் நூல் போட்டு, மூன்று நூலையும் மூன்று பக்கம் இழுத்துப் பிடிக்கச் சொன்னாய். வட்டமாக இருந்த வாய் முக்கோணமாக விரிந்தது. அதன்பிறகு தைப்பதெல்லாம் வெறும் நேர்கோடு. நான் இழுத்துப் பிடித்த நூலை விட்டுவிடுவேனோ என்று பயந்தேன், அவ்வளவு ஆச்சரியம் எனக்கு. ஒரு வட்டத்தைத் தைக்க முடியாவிட்டால் அதை முக்கோணமாக்கிவிட்டுத் தைக்கலாம் என்று எங்கேயோ ஒரு மனிதன் யோசித்திருக்கிறான். அவனை நான் காணவில்லை. கண்டால் கும்பிடுவேன்.

நான்கு விதமாகப் பொருத்தினாய். ஒரு குழாயை இன்னொன்றுக்குள் செருகித் தைத்தது ஒன்று. சிறிய வளையத்துக்குள் ஒரு நுனியைக் கோர்த்து, வெளியே மடித்து, மற்றதை அதன்மேல் இழுத்து மாட்டிக் கட்டியது ஒன்று. ஒரே நூலால் சுற்றிவர ஓட்டித் தைத்தது ஒன்று. ஒவ்வொரு தையலாகத் தனித்தனி முடிச்சுப் போட்டது கடைசி. இவற்றை எப்படிச் சோதிப்பது என்று நீ யோசித்துக்கொண்டிருக்கும்போது உன் அப்பாவுக்கு வீரம் வந்துவிட்டது. "அமுக்கம் எண்டா அது என்ட தொழில். நீ சும்மா இரு மனே" என்று சொல்லிக் குழாயின் ஒரு வாயைக் கட்டி, மறுவாயைச் சோடா மெசினில் மாட்டித் திறந்தேன். அமுக்கம் காட்டும் முள் அசைந்ததாகக்கூடத் தெரியவில்லை. குழாய் வெடித்துச் சுவரில் இருந்த கலண்டரில் போய் ஒட்டியது. சத்தம் கேட்டு அம்மா ஓடி வந்தாள். "இஞ்சாருங்க, போத்தலா வெடிச்சது?" என்றாள். "இல்ல, மாடு" என்றேன். நீ முகத்தைத் துடைத்துக்கொண்டு, "அப்பா, மனிசன்ட நெஞ்சு இவ்வளவு கோவமாத் தள்ளாது" என்றாய்.

பிறகுதான் கிணற்றடித் தென்னையில் கப்பி கட்டினோம். மண்ணெண்ணெய்த் தகரத்தின் அடியில் றப்பர்க் குழாயைப் பொருத்தித் தண்ணீர் நிரப்பி, கயிற்றால் நான் மேலே இழுக்க, கீழே நீ தைத்த குழாயைப் பிடித்துக்கொண்டிருந்தாய். தகரம் உயர உயரத் தண்ணீர் தள்ளுகிற பலமும் கூடும். என் தலைக்குக் கொஞ்சம் மேலே வந்ததும், நிறுத்தச் சொன்னாய். "இவ்வளவுதான் அப்பா. மனிசன்ட நெஞ்சு தள்ளுறது, ஒரு ஆள் உயரத்தில நிக்கிற தண்ணி தள்ளுற அளவுதான்." நான் கயிற்றைப் பிடித்தபடி அண்ணாந்து பார்த்தேன். கண்ணாடிப் போத்தலை உடைக்கிற அமுக்கத்தோடு வாழ்நாளெல்லாம் பழகியவன் நான். அதற்குப் பக்கத்தில் இது ஒன்றுமே இல்லை. இந்தச் சின்னத் தள்ளுத்தான் தாயின் வயிற்றில் தொடங்கிச் சுடலைக்குப் போகுமட்டும் ஓரிடத்திலும் களைத்து உட்காராமல், என்னை நடக்கவும் பேசவும் கோபப்படவும் வைக்கிறது. அன்றைக்கு வாவிப் பக்கமாகப் போய் கொஞ்ச நேரம் தனியே நின்றுவிட்டு வந்தேன்.

அந்த லீவு முழுவதும் நமக்கு அதே வேலை. செருகித் தைத்தது இழுவைக்கு நன்றாக நின்றது, ஆனால் உள்ளே வழி ஒடுங்கி, மறுபக்கம் தண்ணீர் நூலாகத்தான் வந்தது. வளையம் போட்டது என் செல்லப்பிள்ளை. தகரம் தென்னங்குலைக்குக் கிட்டப் போனபோதும் ஒரு சொட்டு வெளியே வரவில்லை. ஓட்டித் தைத்தது பரவாயில்லை, ஆனால் நூலை இறுக்கியதால் அந்த இடம் சுருக்குப்பை வாய் மாதிரி குறுகியிருந்தது. தனி முடிச்சுப் போட்டதுதான் மானத்தை வாங்கியது. தகரம் ஒரு ஆள் உயரம் வரவே ஊசி போன ஓட்டைகளால் கசியத் தொடங்கிவிட்டது. வளையத்துக்கு முதல் பரிசு, உன் முடிச்சுக்குக் கடைசி இடம் என்று நான் தீர்ப்புச் சொன்னேன். நீ அதை அப்படியே தலைகீழாகச் சொன்னாய். "தண்ணிதான் ஒழுகும் அப்பா. ரத்தம் எண்டா தானா உறைஞ்சி அந்த ஓட்டைய அடைக்கும். ஒழுகுறதப் பார்க்காம, வெடிக்குதா எண்டு பாருங்க" என்றாய். வெடிக்கவில்லை என்பது உண்மைதான், குலை உயரத்திலும் வெடிக்கவில்லை. ஆனால் ஒழுகுகிற போத்தலை விற்று யாராவது பிழைத்திருக்கிறார்களா என்று நான் கேட்டேன். இரண்டு நாள் இதையே வைத்து உன்னைச் சீண்டினேன்.

மூன்றாம் நாள் நீ என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனாய். றப்பர்க் குழாயை நெஞ்சு அடிக்கிற மாதிரி அமுக்கி விட்டு, அமுக்கி விட்டு, தைத்த இடத்துக்கு அப்பால் என் விரலை வைத்துப் பார்க்கச் சொன்னாய். வளையம் போட்டதில் அந்த இடம் மரக்கட்டையாகக் கிடந்தது, அதைத் தாண்டி வந்த அடியும் செத்துத்தான் வந்தது. ஓட்டித் தைத்ததில் கொஞ்சம் வந்தது. அந்த ஒழுகுகிற தையலில் தைத்த இடமும் சேர்ந்து விரிந்து சுருங்கியது. நீ இந்தப் பக்கம் போட்ட அடி, அறுபட்ட இடத்தைத் தாண்டி, ஒன்றும் நடவாத மாதிரி என் விரலுக்குக் கீழே வந்து தட்டியது. ஆனாலும் உன்னிடம் தோற்றதாகக் காட்டிக்கொள்ளவில்லை. "ஓம், ஆனா ஒழுகிது" என்றுதான் சொன்னேன்.

அடுத்த லீவில் அது நடந்தது. யுத்தத்தோடு புதுப் போத்தல் வருவது நின்று போய், ஊரில் எல்லாச் சோடாக்காரரும் பழைய போத்தலில்தான் அடைத்துக்கொண்டிருந்தோம். அம்மா எனக்குத் தேத்தண்ணீர் கொண்டு வந்து, நிரப்பிய போத்தல் ஒன்றைப் பெட்டியில் வைக்கக் கையை நீட்டினாள். அது அவள் கையிலேயே வெடித்தது. முழங்கைக்கு மேலே உள்பக்கம் கண்ணாடி கத்தி மாதிரி இறங்கியிருந்தது. இரத்தம் அடித்து அடித்து வந்தது. நான் அவளைப் பிடித்துக்கொண்டு உன்னைக் கூப்பிட்டேன், நீ சவரத்தைப் பாதியில் விட்டு, சவர்க்கார முகத்தோடு ஓடி வந்து பெருவிரலை அந்தக் காயத்துக்குள்ளேயே வைத்து அழுத்தினாய். சோடாக் கொண்டுபோகிற வண்டியில் பெட்டிகளைத் தள்ளிவிட்டு அவளைக் கிடத்தி, பாலத்தைக் கடந்து டவுனுக்குப் போய்ச் சேருமட்டும் நீ அந்த விரலை எடுக்கவில்லை. அவள் உன்னைப் பார்த்து, "முகத்தில சவுக்காரம் காயுது மனே" என்றாள். நீ அழுததை அப்போதுதான் கண்டேன்.

ஆஸ்பத்திரியில் பெரிய டொக்டர் நல்ல மனிதர். ஒளிக்காமல் பேசினார். "நான் எண்டா கட்டிவிடுவன். உயிருக்குப் பயமில்ல. கை மிஞ்சுமோ மிஞ்சாதோ, அதச் சொல்லேலாது. உங்கட மகன் தைக்கிறன் எண்டு நிக்கிறார். தைச்ச இடம் விட்டுதெண்டா உயிருக்கே ஆபத்து. கணவன் நீங்க, நீங்கதான் சொல்லோணும்." நான் உன்னைப் பார்த்தேன். நீ என்னைப் பார்க்கவில்லை, உன் கைகளைப் பார்த்துக்கொண்டு நின்றாய்.

"எந்தத் தையல் மனே?" என்று கேட்டேன்.

"தனி முடிச்சு, அப்பா."

"அது ஒழுகுமே."

"ஓம் அப்பா. முதல்ல கொஞ்சம் ஒழுகும். மறுகா நிக்கும்."

கட்டச் சொன்னால் உன் அம்மா வீட்டுக்கு வருவாள், ஒரு கையோடு வரலாம். தைக்கச் சொன்னால் இரண்டு கையோடும் வரலாம், வராமலும் போகலாம். புத்தகத்தில் என்ன இருக்கிறது என்று எனக்குத் தெரியாது. எனக்குத் தெரிந்ததெல்லாம் கிணற்றடியில் என் விரலுக்குக் கீழே வந்து தட்டிய அந்த ஓர் அடிதான். அதை நம்பினேன். "அவன் தைக்கட்டும் ஐயா" என்று பெரிய டொக்டரிடம் சொன்னேன். சொல்லிவிட்டு விறாந்தை வாங்குப் பலகையில் போய் உட்கார்ந்தேன்.

உள்ளே நடந்ததை அங்கே நின்ற தாதி மிஸ்ஸிதான் பிறகு எனக்குச் சொன்னார். பெரிய டொக்டரே உனக்கு மூன்று நூலையும் பிடித்துக்கொண்டு நின்றாராம். தைத்து முடித்து, குழாயைப் பிடித்திருந்த இடுக்கிகளை விட்டதும் சுற்றிவர இரத்தம் கசிந்ததாம். பெரிய டொக்டர் திரும்பவும் இடுக்கியை எடுத்தாராம். நீ "கொஞ்சம் பொறுங்க சேர்" என்று ஒரு துண்டுத் துணியை மேலே வைத்து, அமுக்காமல் சும்மா பிடித்துக்கொண்டு நின்றாயாம். துணியை எடுத்தபோது கசிவு நின்றிருந்ததாம். யாரும் ஒன்றும் செய்யாமல், இரத்தம் தானாகவே தன் வழியை அடைத்துக்கொண்டது. நான் எத்தனையோ கோயில் திருவிழா பார்த்திருக்கிறேன், இதைப் போல ஒன்றைக் கேட்டதில்லை.

அதன்பிறகு பெரிய டொக்டர் வெளியே வந்து, என்னைக் கூட்டிப்போய் அம்மாவின் கட்டிலருகே விட்டார். அவள் மயக்கம் தெளியாமல் கிடந்தாள். என் விரலைப் பிடித்து அவளுடைய மணிக்கட்டில் வைத்தார். தென்னையடியில் தட்டிய அதே அடி. அன்று நீ கையால் அமுக்கி எனக்கு விளையாட்டுக் காட்டினாய், இன்று அவள் நெஞ்சே அதைச் செய்துகொண்டிருந்தது. மாட்டின் குழாயும், மண்ணெண்ணெய்த் தகரமும், நம் சண்டையும் எல்லாம் இதற்குத்தானா என்று நினைத்தேன். உன்னைப் பெற்றது நாங்கள்தான் என்பதை அந்த நேரத்தில் என்னால் நம்ப முடியவில்லை மகனே.

நீ பயப்படத் தொடங்கியது அதற்குப் பிறகுதான். லீவு முடிந்தும் நீட்டிக்கொண்டு, விடிந்ததும் முதல் வேலையாக அம்மாவின் மணிக்கட்டைப் பிடித்துப் பார்த்தாய். ஓடுகிற நாடியைப் பார்த்த பிறகும் உன் முகம் தெளியவில்லை. அவள் தண்ணீர்க் குடத்தைத் தொட்டால் ஓடிவந்து வாங்கினாய். "என்ட கைய இவன் வெடிக்கப்போற சோடாப் போத்தல் மாதிரிப் பார்க்கிறான்" என்று அவள் என்னிடம் சொல்லிச் சிரித்தாள். கொழும்புக்குப் போன பிறகும் ஒவ்வொரு கடிதத்திலும் அதே கேள்விதான்: விரல் சூடாக இருக்கிறதா, பிடிப்பு வந்ததா, எழுத வருகிறதா. இப்போது அதற்காகக் கப்பலையும் வேண்டாம் என்கிறாய். நான் உனக்கு வைத்தியம் சொல்ல வரவில்லை. நீ எனக்குக் காட்டியதையே உனக்குத் திருப்பிச் சொல்கிறேன். நூலை இறுக்கிய இடத்தில்தான் குழாய் குறுகியது. நீ இப்போது அம்மாவின் கையை அப்படித்தான் பிடித்துக்கொண்டிருக்கிறாய். அவளுக்குத் தைத்துவிட்டாய், இனி அது அவளுடைய கை. நீ கப்பல் ஏறினால் இந்த வீட்டிலும் கொஞ்சம் ஒழுகும்தான், பொய் சொல்லவில்லை. மறுகா நிற்கும். அங்கே போய் உன்னைவிடக் கெட்டிக்காரர்கள் எப்படித் தைக்கிறார்கள் என்று பார். நம் தென்னை மரத்துத் தீர்ப்பையும் அவர்களிடம் சொல்லு, சோடா மெசின் கதையை மட்டும் விட்டுவிடு.

இந்தக் கடிதத்தைப் பிரித்ததும் இது யாருடைய எழுத்து என்று யோசித்திருப்பாய். எனக்கு வழக்கமாக எழுதித் தருகிற பக்கத்து வீட்டு வாத்தியாரின் எழுத்து இல்லை. எழுத்துகள் அங்கங்கே சாய்ந்திருக்கும் என்று நினைக்கிறேன். எனக்குத் தெரியவில்லை, பேனை போகிற சத்தம்தான் கேட்கிறது. சில இடத்தில் நின்றது. வண்டியில் நடந்ததைச் சொன்னபோது நெடுநேரம் நின்றது. களைத்தபோதெல்லாம் ஆறி, நாலைந்து நாளாக எழுதி முடித்திருக்கிறோம். நான் சொல்ல வேண்டியது முடிந்துவிட்டது. மிச்சத்தை எழுதுகிறவளே எழுதட்டும்.

மனே, இது அம்மாதான். முழுவதும் நான்தான் எழுதினேன், நீ தைத்த கையால். அப்பா தன்னைப் பற்றிப் பெருமையாகச் சொன்ன இரண்டு இடத்தை எழுதாமல் விட்டுவிட்டேன், அவருக்கு அது தெரியாது. ஆஸ்பத்திரியில் அன்று எல்லாரும் அவரைக் கேட்டார்கள், என்னை ஒருவரும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் நானும் தைக்கத்தான் சொல்லியிருப்பேன். விரல் நுனி இன்னும் கொஞ்சம் மரத்திருக்கிறது, பேனை சில நேரம் வழுக்குகிறது, வேறு ஒன்றும் இல்லை. கப்பல் ஏறுமுன் ஒருதரம் வீட்டுக்கு வா. வந்து நாடியைப் பிடிக்காதே, பாயில் உட்கார். சோறு நான் பிசைந்து தருகிறேன்.